மெழுகு உருகி மின்சாரமாகும் மிதவை: சோலோ-ட்ரெக் நிகழ்வு ஆய்வு

2009 நவம்பர் 30 அன்று, ஹவாயின் ஹொனலுலுவுக்குத் தென்மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 84 கிலோ எடையுள்ள ஒரு மிதவையைக் கடலில் இறக்கினார்கள். உலகக் கடல்களில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்த அளவீட்டு மிதவைகளின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். ஆனால் அதன் உடலைச் சுற்றி வெளிப்புறத்தில் பத்துக் குழாய்கள் இருந்தன, குழாய்களுக்குள் மெழுகு இருந்தது.

அந்த மிதவை தினமும் மூன்று முறை 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, ஏறி, அளந்ததை அனுப்பிவிட்டு மறுபடியும் இறங்கியது. 2010 ஏப்ரல் தொடக்கத்தில் நாசா இதைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னபோது, 300 முங்குகளுக்கு மேல் போட்டு முடித்திருந்தது. அவ்வளவுக்கும் வேண்டிய மின்சாரம் வந்தது, கடலின் மேல்தண்ணீருக்கும் அடித்தண்ணீருக்கும் இடையில் இருக்கும் வெப்ப வித்தியாசத்திலிருந்து.

இதன் பெயர் சோலோ-ட்ரெக். ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் சோலோ வகை மிதவையும், நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் உருவாக்கிய வெப்ப மின்னேற்றமும் சேர்ந்த கூட்டு. பணம் நாசாவிடமிருந்தும் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்திடமிருந்தும் வந்தது.

கடல்சார் ஆற்றல் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் மெகாவாட்டில்தான் பேசுவார்கள். எத்தனை வீட்டுக்கு விளக்கெரியும், யூனிட் என்ன விலை, கரைக்குக் கேபிள் இழுக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போகும். சோலோ-ட்ரெக்கில் இந்தக் கேள்விகள் எதுவும் கிடையாது. மின்சாரம் பிறக்கிற இடமும் செலவாகிற இடமும் ஒன்றே. தேவையும் மிகச் சின்னது. கடல் ஆற்றல் உண்மையிலேயே பொருந்துகிற இடம் இப்படிப்பட்டதுதான் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த ஒற்றை மிதவையை எடுத்துக்கொண்டேன்.

பேட்டரி போடும் வேலி

பேட்டரி கடலாய்வுக்கு எங்கே வேலி போடுகிறது என்று பார்க்க, உலகக் கடல்களை மிதவைகளால் அளக்கும் ஆர்கோ திட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2000 வாக்கில் தொடங்கி, 2007 நவம்பரில் 3,000 மிதவைகள் என்ற இலக்கை எட்டியது. இப்போது ஏறத்தாழ 4,000 மிதவைகள். பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் உள்வாங்குகிறது என்று நாம் இன்று உறுதியாகச் சொல்வதற்கு இந்த மிதவைகளின் அளவீடுகள் முக்கியமான காரணம்.

ஒரு ஆர்கோ மிதவையின் வாழ்க்கை இப்படிப் போகும். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு சும்மா மிதந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றையும் அளக்கும். மேலே வந்ததும் செயற்கைக்கோள் வழியாகத் தரவை அனுப்பிவிட்டு மீண்டும் உள்ளே போய்விடும். இப்படி நான்கைந்து ஆண்டுகள், ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள். அப்புறம் பேட்டரி தீர்ந்துவிடும்.

பேட்டரி தீர்ந்த மிதவையை யாரும் போய் எடுப்பதில்லை. ஒன்றைத் தேடிப் பிடிக்கக் கப்பல் அனுப்பும் செலவுக்குப் புதிதாக ஒன்றை வாங்கி இறக்கிவிடலாம். அதனால் பெரும்பாலானவை கடலோடு கடலாகிவிடுகின்றன, உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியோடு சேர்த்து. ஒவ்வொன்றும் ஐந்து வருஷம் உழைப்பதாக வைத்துக்கொண்டால், 4,000 மிதவைகள் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்க ஆண்டுக்கு 800 புதியவை இறக்கியாக வேண்டும்.

நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவைகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அவற்றுக்கு ஒரு வசதி, பெரியவற்றில் சூரியத் தகடு வைக்க இடம் இருக்கும். ஆனால் உப்பு படியும், பறவை உட்கார்ந்து எச்சமிடும், துருவங்களை நெருங்கும் கடல்களில் குளிர்காலத்தில் வெயிலே இருக்காது. தண்ணீருக்கு அடியில் தொங்கும் கருவிகளுக்கோ கடல் தரையில் கிடக்கும் கருவிகளுக்கோ சூரியன் என்று ஒன்று இல்லவே இல்லை.

பேட்டரி என்றால் கருவியின் ஆயுள்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால் எதை அளப்பது, எவ்வளவு அடிக்கடி அளப்பது என்பதையும் பேட்டரிதான் தீர்மானிக்கிறது. பத்து நாளுக்கு ஒரு அளவீடு என்பது பருவம் பருவமாகக் கடல் எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போதும், அந்த நோக்கத்துக்கு அது சரியான தேர்வுதான். ஆனால் ஒரு புயல் மேலே கடந்துபோகும் இரண்டு நாளில் மேல்நீர் எவ்வளவு குளிர்ந்தது, பகல் வெயிலில் சூடேறிய மேல்படலம் இரவில் எவ்வளவு ஆழம் வரை கலந்தது என்றெல்லாம் கேட்டால் அந்த மிதவையால் பதில் சொல்ல முடியாது. தினம் மூன்று முறை முங்கச் சொன்னால் 200 சுற்றுகளும் 67 நாளில் தீர்ந்துவிடும்.

மெழுகுக்குள் நடப்பது

மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். உருகிய மெழுகை அச்சில் ஊற்றி ஆறவிட்டால் நடுவில் குழி விழும். மெழுகு உறையும்போது சுருங்குகிறது, உருகும்போது விரிகிறது. சோலோ-ட்ரெக்கின் மொத்த வேலையும் இந்தக் குழியில்தான் இருக்கிறது.

குழாய்களுக்குள் இருப்பவை பாரஃபின் வகையைச் சேர்ந்த மெழுகுப் பொருள்கள். சுமார் 10 டிகிரி செல்சியஸில் உருகும்படி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஹவாய்க்கு அருகே கடலின் மேற்பரப்பு 25 டிகிரி அளவில் இருக்கும், 500 மீட்டர் ஆழத்தில் 7 டிகிரிதான். ஆக, கீழே போனால் மெழுகு உறைந்து சுருங்கும், மேலே வந்தால் உருகி விரியும். விரிவு ஏறத்தாழ 13 சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் உருகும் மெழுகு தனக்கு வேண்டிய இடத்தை விட்டுக்கொடுக்காது. பெரும் அழுத்தத்தை எதிர்த்தும் அது விரியும்.

அந்த விரிவு எண்ணெயைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் மிதவைக்குள் உயர் அழுத்தத்தில் சேமித்து வைக்கப்படுகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் திறந்துவிட்டால், அது ஒரு ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் பேட்டரியை ஏற்றும். அடுத்த முறை மிதவை குளிருக்குள் இறங்கும்போது மெழுகு சுருங்கி, எண்ணெய் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

நடுவில் எண்ணெயைச் சேமித்துவைக்கும் அந்தப் படி எனக்கு மிகவும் பிடித்தது. மெழுகு மெதுவாகத்தான் உருகும். அந்த வேகத்திலேயே ஜெனரேட்டரை ஓட்டினால் சொட்டுச் சொட்டாக வரும் ஆற்றலில் பாதி உராய்வுக்கே போய்விடும். சேர்த்துவைத்து ஒரே மூச்சில் விட்டால் ஜெனரேட்டர் தனக்கேற்ற வேகத்தில் சுற்றும். இயற்கை தருகிற வேகம் வேறு, இயந்திரம் கேட்கிற வேகம் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொட்டி வைப்பது கடல் ஆற்றலில் எங்கே பார்த்தாலும் வரும் பாடம். அலை ஆற்றலில் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

செயல்திறன் எவ்வளவு என்று கேட்டால் பதில் கேட்க நன்றாக இருக்காது. 25 டிகிரிக்கும் 7 டிகிரிக்கும் இடையில் வேலை செய்யும் எந்த வெப்ப இயந்திரமும், கார்னோ வகுத்த எல்லைப்படி, 6 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. நடைமுறையில் கிடைப்பது அதிலும் மிகக் குறைவு. நிலத்தில் ஒரு மின்நிலையத்துக்கு இந்த எண்ணைக் காட்டினால் திட்டத்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எரிபொருளுக்குக் காசு இல்லை, மிதவையைச் சுற்றி இருக்கும் வெப்பத்துக்கு அளவே இல்லை. மெழுகையும் குழாய்களையும் சுமக்க இடம் இருந்தால் போதும்.

1.7 வாட்-மணி போதுமா?

ஒரு முங்குக்குக் கிடைப்பது சுமார் 1.7 வாட்-மணி, அதாவது ஏறத்தாழ 6,100 ஜூல். ஒரு சாதாரண கைப்பேசியின் பேட்டரி 15 வாட்-மணி இருக்கும். எனவே ஒன்பது முறை கடலில் இறங்கி ஏறினால்தான் ஒரு கைப்பேசிக்கு முழுச் சார்ஜ். இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மிதவையின் செலவுக் கணக்கையும் போட்டபிறகு அந்த ஏமாற்றம் போய்விட்டது.

மிதவை மேலே வருவதும் கீழே போவதும் ஒரு எண்ணெய்ப் பையால். உள்ளேயிருந்து எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் மிதவையின் கன அளவு கூடி, அது மேலே எழும்பும். திரும்ப உள்ளே எடுத்தால் இறங்கும். ஆழத்தில் நின்றுகொண்டு எண்ணெயை வெளியே தள்ளும் வேலைதான் மிதவையின் பெரிய செலவு, ஏனென்றால் மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். கால் லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 50 மடங்கு வளிமண்டலம். தள்ளத் தேவைப்படும் வேலை ஏறத்தாழ 1,250 ஜூல். பம்பில் பாதி வீணாகிறது என்றாலும் 2,500 ஜூல்தான். கையில் 6,100 இருக்கிறது. மிச்சத்தில் உணரிகளும் ஜிபிஎஸ்ஸும் தகவல் தொடர்பும் ஓடும்.

இதே கால் லிட்டரை 2,000 மீட்டரில் தள்ள 5,000 ஜூல் வேண்டும், பம்பின் இழப்போடு 10,000. அங்கே 1.7 வாட்-மணி பற்றாது. ஆகவே சோலோ-ட்ரெக்கை 500 மீட்டரோடு நிறுத்தியது வெறும் வசதிக்காக இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வெப்ப வித்தியாசத்தின் பெரும்பகுதி மேல் 500 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே போனால் தண்ணீர் இன்னும் கொஞ்சம்தான் குளிரும், ஆனால் அழுத்தம் மீட்டருக்கு மீட்டர் ஏறிக்கொண்டே போகும். ஆழம் கூடக்கூட வரவு அப்படியே நிற்கும், செலவு மட்டும் கூடும்.

சரி, மூன்று முங்குக்கு ஒரு நாளைக்கு 5 வாட்-மணி. இது நாள் முழுக்கப் பரவினால் கால் வாட்டுக்கும் குறைவான சக்தி. அதை வைத்துக்கொண்டு நாளுக்கு மூன்று முழு அளவீடுகள் எடுத்தார்கள். வேலைக்கேற்ற ஆற்றல் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பொருத்தத்தை நான் பார்த்ததில்லை.

இதற்கு முன்னும் பக்கத்திலும்

கடலின் வெப்பத்தில் ஓடும் கருவி என்ற எண்ணம் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பிறந்தது இல்லை. கடலியலாளர் ஹென்றி ஸ்டோமலும் பொறியாளர் டக் வெப்பும் 1980களிலேயே வெப்பத்தில் ஓடும் சறுக்குவாகனத்தை, அதாவது தண்ணீருக்குள் ஏறி இறங்கிக்கொண்டே முன்னோக்கிச் சறுக்கும் கருவியைப் பற்றி யோசித்திருந்தார்கள். தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2007 டிசம்பரில் அப்படியொரு வெப்பச் சறுக்குவாகனம் கரீபியனில், செயின்ட் தாமஸ் தீவுக்கும் செயின்ட் குரோய் தீவுக்கும் நடுவே 4,000 மீட்டர் ஆழமுள்ள படுகையை 20 தடவைக்கு மேல் கடந்தது. அதிலும் மெழுகுதான். ஆனால் அங்கே மெழுகின் விரிவு எண்ணெய்ப் பையை நேரடியாகத் தள்ளியது, மின்சாரமாக மாறவில்லை. நகர்வுக்கு மெழுகு, உணரிகளுக்குப் பேட்டரி. சோலோ-ட்ரெக் வைத்த அடுத்த அடி, விரிவை மின்சாரமாக மாற்றி எல்லாவற்றுக்கும் கொடுத்தது.

எது சிறந்தது? இயந்திர வேலையாகக் கிடைப்பதை இயந்திர வேலையாகவே பயன்படுத்தினால் இழப்பு குறைவு. மின்சாரமாக மாற்றிவிட்டால் எதற்கும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் போய்விடும். இந்தக் கேள்விக்கு அழகான விடையைக் கொடுத்தது வேவ் கிளைடர். லிக்விட் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் இந்தக் கருவியில் அலைச்சறுக்குப் பலகை அளவில் ஒரு மிதவை மேலே இருக்கும், சில மீட்டர் கீழே இறக்கைகள் கொண்ட ஒரு சட்டம் கேபிளில் தொங்கும். மேலே அலை தூக்கிப் போடும், கீழே தண்ணீர் ஏறத்தாழ அமைதியாக இருக்கும். இந்த வித்தியாசத்தில் இறக்கைகள் சாய்ந்து சாய்ந்து கருவியை முன்னோக்கி இழுக்கும். மோட்டார் எதுவும் இல்லாமல் அலை நேராக நகர்வாகிறது. உணரிகளுக்கும் தகவல் தொடர்புக்கும் மட்டும் சூரியத் தகடு. 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய நான்கு வேவ் கிளைடர்களில் ஒன்றான 'பாப்பா மாவ்', 2012 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையை அடைந்தது. வந்த தூரம் 9,000 கடல் மைல்களுக்கு மேல்.

அலையை மின்சாரமாகவே மாற்றும் மிதவைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானின் மசுதா யோஷியோ உருவாக்கிய கலங்கரை மிதவைகள் 1965 முதலே விற்பனைக்கு வந்தன. மிதவைக்குள் தண்ணீர் ஏறி இறங்கும், அதன்மேல் அடைபட்ட காற்று ஒரு டர்பைனைச் சுற்றி விளக்கை எரிக்கும். அவ்வளவுதான். கப்பலுக்கு வழிகாட்டும் ஒரு விளக்கு எரிந்தால் போதும் என்ற இடத்தில் தொடங்கியதால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

கண்காணிப்புக் கருவிக்கென்றே அலை மின்சாரம் என்றால், ஓஷன் பவர் டெக்னாலஜிஸ் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த சோதனையைச் சொல்ல வேண்டும். 2011 ஆகஸ்டில் நியூ ஜெர்சி கரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அவர்களுடைய மிதவையை நிறுத்தினார்கள். கடல் கண்காணிப்பு ரேடார் வலையமைப்புக்கு மின்சாரம் கொடுக்க முடியுமா என்று பார்ப்பது நோக்கம். சில வாரங்களுக்குள் ஐரீன் சூறாவளி அந்தப் பக்கமாக வந்தது. மிதவை தாக்குப்பிடித்தது.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் உள்ள கஷ்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அலையின் சக்தி, அதன் உயரத்தின் வர்க்கத்தோடும், ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தோடும் கூடும். ஒரு மீட்டர் உயரம், 6 வினாடி இடைவெளி என்றால் அலைமுகட்டின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 3 கிலோவாட். அதுவே 6 மீட்டர் உயரம், 12 வினாடி என்றால் 216 கிலோவாட், அதாவது 72 மடங்கு. கருவி சம்பாதிப்பது சாதாரண நாளில், பிழைக்க வேண்டியது புயல் நாளில். அதன் இரும்பும் நங்கூரமும் 72 மடங்கைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும், வருமானமோ ஒரு மடங்குக்குத்தான். அலை ஆற்றல் நிறுவனங்கள் பல மூடப்பட்டதன் அடியில் இந்த விகிதம் இருக்கிறது. சோலோ-ட்ரெக்குக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. தன் நேரத்தில் பெரும்பகுதியை அது அலையே எட்டாத ஆழத்தில் கழிக்கிறது.

நீரோட்டத்தில் டர்பைன் வைப்பது பற்றியும் கேட்பார்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், வேகமாகப் பாயும் கால்வாய்களில் நல்ல யோசனை. ஆனால் வேகத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கேற்பச் சக்தி மாறும். வினாடிக்கு 2 மீட்டர் ஓட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4,100 வாட் கிடைக்குமென்றால், ஆழ்கடலில் வழக்கமான 10 சென்டிமீட்டர் வேகத்தில் அரை வாட்தான். கடல் தரையில் கிடக்கும் கருவிக்கு அது உதவாது.

கடல் தரைக்கு வேறொரு வழி இருக்கிறது, கரையிலிருந்தே கேபிள் இழுப்பது. சோலோ-ட்ரெக் ஹவாயில் முங்கத் தொடங்கிய அடுத்த மாதத்தில், 2009 டிசம்பரில், வான்கூவர் தீவுக்கு அப்பால் நெப்டியூன் கனடா என்ற கடலடி ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. 800 கிலோமீட்டர் கேபிள் வளையம், 10,000 வோல்ட் நேர்மின்னோட்டம், கருவிகளுக்கு எவ்வளவு கேட்டாலும் மின்சாரம். ஒரே இடத்தைப் பல ஆண்டுகள் விடாமல் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நிகரில்லை. நடுப் பசிபிக்கில் நூற்றுக்கணக்கான இடங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கே கேபிள் போகாது.

ஆற்றல் வந்தபிறகும் நிற்கும் சிக்கல்கள்

மின்சாரம் தீராது என்றால் மிதவை சாகாது என்று அர்த்தமில்லை. வெதுவெதுப்பான மேல்நீரில் மெழுகு உருகும் வரை மிதவை தங்கியாக வேண்டும். பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளப் பிரியப்படுவதும் அந்த வெளிச்சமான மேல்நீரைத்தான். ஆர்கோ மிதவை பத்து நாளில் கொஞ்ச நேரமே மேலே எட்டிப் பார்க்கும். நாளுக்கு மூன்று முறை மேலே வரும் மிதவைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உப்புத்தன்மையை அளக்கும் உணரியில் மெல்லிய படலம் படிந்தால்கூட அளவு நகர்ந்துவிடும். மிதவை பத்து ஆண்டு ஓடினாலும், உணரி மூன்றாம் ஆண்டிலேயே பொய் சொல்லத் தொடங்கினால் மிச்ச ஏழு ஆண்டுத் தரவைச் சரிபார்க்கும் வேலை யாரோ ஒருவர் தலையில் விழும். ஆற்றலைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இந்தப் பகுதியை மிக வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

இடமும் ஒரு பிரச்சினை. மேலே சூடு, கீழே குளிர் என்ற அமைப்பு வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய கடல்களிலும் வருஷம் முழுக்க இருக்கும். துருவக் கடல்களில் மேலும் கீழும் குளிர்தான், அங்கே இந்த மெழுகு உறைந்தே கிடக்கும். தானாக நகரும் சக்தி இல்லாத மிதவை நீரோட்டத்தோடு போய்க் குளிர்க் கடலுக்குள் நுழைந்துவிட்டாலும் இதே நிலைதான். புவி வெப்பமாதலில் மிகவும் கவனிக்க வேண்டிய இடங்களில் ஆர்க்டிக்கும் தென்பெருங்கடலும் உண்டு. ஆக, கூடுதலாக அளக்க வேண்டிய சில இடங்களுக்கு இந்த வழி போய்ச் சேரவில்லை.

இன்னொன்று, சத்தம். கடலில் ஒலி கேட்கும் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரமே இரைச்சலாகிவிடலாம். அலைமிதவையின் சங்கிலியும், டர்பைனின் இறக்கைகளும் நிற்காமல் சத்தம் போடும். திமிங்கிலத்தைக் கேட்கப் போன இடத்தில் தன் கியரைத்தானே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும். மெழுகு உருகுவது சத்தமே இல்லாத வேலை, ஜெனரேட்டர் ஓடுவதும் விட்டுவிட்டுத்தான். எப்போது ஓடலாம் என்று நேரம் குறித்துவிட்டால் மற்ற நேரமெல்லாம் அமைதி. இந்தக் குணத்துக்காகவே பல இடங்களில் இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வேன்.

திட்டத்தில் பங்காற்றியவர்களில் ஒருவரான யி சாவ் பின்னர் சீட்ரெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இதே மெழுகு முறையை வேறு மிதவைகளோடு இணைக்கக்கூடிய தனிப் பகுதியாக உருவாக்கும் வேலையில் இறங்கினார். 2019இல் அமெரிக்க எரிசக்தித் துறை கடல் ஆற்றலின் பயன்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் கடல் கண்காணிப்புக்கு ஒரு தனி அத்தியாயம் கிடைத்தது. மின்கட்டமைப்புக்கு விற்க முடியாத ஆற்றலுக்கு இங்கே வாடிக்கையாளர் இருக்கிறார் என்பதைப் பலரும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

எட்டு மணி நேரம்

நாளுக்கு மூன்று முங்கு என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. பத்து நாளோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு. ஆனாலும் ஹவாயைச் சுற்றியுள்ள கடலுக்கு இந்த எட்டு மணி போதவில்லை.

அந்தத் தீவுத்தொடர் கடலுக்கடியில் ஒரு நீண்ட மலைச்சுவர். ஓதத்தின் தண்ணீர் அதில் மோதும்போது கடலுக்குள்ளேயே பெரிய அலைகள் கிளம்பும். வெளியே தெரியாது, ஆனால் உள்ளே குளிர்ந்த படலம் பல பத்து மீட்டர் ஏறி இறங்கும். இதன் தாளம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. இதைச் சரியாக எட்டு மணிக்கு ஒருமுறை அளந்தால், திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதுபோல, தரவில் ஒரு போலித் தாளம் தோன்றும். கணக்குப் போட்டால் அது 22.5 மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. பகல் இரவால் வரும் 24 மணித் தாளத்துக்கு மிக அருகில். சில நாள் தரவை மட்டும் வைத்துக்கொண்டு சூரியன் செய்தது எது, ஓதம் செய்தது எது என்று பிரிக்கப் போனால் தப்பான பதில் கிடைக்கும்.

இதைத் தவிர்க்க நாளுக்கு நான்கு முங்காவது வேண்டும், நிம்மதியாகப் பிரித்துப் பார்க்க ஆறு. பேட்டரி மிதவையாக இருந்தால் ஆயுளைப் பாதியாக்கிச் செய்துவிடலாம். மெழுகு மிதவையில் ஒவ்வொரு கூடுதல் முங்கும் தன் செலவைத் தானே சம்பாதித்துவிடும், ஆனால் மெழுகு முழுக்க உறைந்து, முழுக்க உருக நேரம் கொடுத்தால்தான். பாரஃபின் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் பொருள், தண்ணீரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குழாயின் சுவரோரம் உள்ளது முதலில் உறைந்து, நடுவில் உள்ளதற்குக் குளிர் போகாமல் போர்வைபோல மறித்துக்கொள்ளும். ஒரு பெரிய குழாய்க்குப் பதில் பத்துக் குழாய்கள் வைத்ததற்கு இது நல்ல காரணம். இன்னும் மெல்லிய குழாய்களாக்கினால் மெழுகு சீக்கிரம் உறையும், ஆனால் உலோகம் கூடும், எடை ஏறும், அழுத்தம் தாங்கும் இணைப்புகள் பெருகும். மெழுகுக்குள் வெப்பம் கடத்தும் மெல்லிய தகடுகளைச் செருகினால் வேகம் கூடும், ஆனால் மெழுகுக்கான இடம் குறைந்து ஒரு முங்குக்கு வரும் 1.7 வாட்-மணி இறங்கும். நாளுக்கு ஆறு முங்கு வேண்டுமென்றால் கீழே போய் மேலே வரும் நேரத்தையும் சேர்த்து நான்கே மணிக்குள் அந்த மெழுகு ஒருமுறை உறைந்து ஒருமுறை உருகிவிட வேண்டும்.